அஞ்சாவது தலை எந்தப் பக்கம்?

"அண்ணே, அஞ்சாவது தலை அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!"

ஞாபகம் போட்ட சத்தத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரக்கர் ராஜா சட்டென்று திரும்பினார். அவர் திரும்பினால் கூடவே ஒன்பது தலைகள் திரும்பும். பக்கத்தில் நின்ற மேக்கப்காரரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் விழுந்தது.

ஞாபகம் என்பது பட்டப்பெயர். அந்த இதிகாசத் தொடரில் கண்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் அவன். போன காட்சியில் யார் எந்தக் கையில் வில் பிடித்தார்கள், யாருடைய மாலை எந்தத் தோளில் கிடந்தது என்பதையெல்லாம் நினைவில் வைத்து, அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன வாரம் வரைக்கும் அந்தப் பெயரை எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

போன வாரம் ராஜாவின் தங்கச்சிக்கு மூக்கு அறுபட்டது. அடுத்த காட்சியில் அவள் அரண்மனைக்கு ஓடிவந்து, "அண்ணா, என் மூக்கைப் பார்த்தாயா?" என்று கதறினாள். அண்ணன் பார்த்தார், டிவியில் ஊரே பார்த்தது. மூக்கு முழுசாக, மூக்குத்தியோடு இருந்தது.

அன்றைக்கே ஞாபகத்தின் மாமியார் போன் பண்ணினார். "மாப்பிள்ளை, அந்தப் பொண்ணுக்கு வைத்தியம் பார்த்தது யாரு? நல்ல கைராசிக்காரரா இருப்பார் போலிருக்கே?"

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுநாள் டைரக்டர் மொத்த யூனிட்டையும் நிற்கவைத்து, "இனிமே தப்பு பண்றவன் யாரா இருந்தாலும் சரி, அந்த நிமிஷமே மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடணும்!" என்றார். யாராக இருந்தாலும் என்றுதான் சொன்னார். பார்த்தது ஞாபகத்தை மட்டும்தான்.

இந்த வேலை போனால் மாமனாரின் பிளாஸ்டிக் வாளிக் கடைதான் கதி. கல்லாவில் மாமியார் உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க மூக்கைப் பற்றிப் பேசுவார். அதனால்தான் ஞாபகம் இன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருந்தான்.

காட்டுக் குடிசை செட் தயாராக இருந்தது. ஆர்ட் அசிஸ்டெண்ட் தரையில் வெள்ளைப் பொடியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "மிதிக்காதீங்கய்யா, மிதிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்துத் தலைய்யா," என்றார் செட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற சாமான்காரர். "நடுவுல அவரோட தலை. மிச்சம் ஒன்பது. ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் அஞ்சு. எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

"தர்பார் காட்சியில அஞ்சு இடது பக்கம் இருந்துச்சு."

"யாரோட இடது? அவரோட இடதா, நம்ம இடதா?"

ஞாபகம் யோசித்தான். அவன் ஞாபகத்தில் ராஜா இருந்தார், அஞ்சு தலை இருந்தது, இடதும் இருந்தது. யாருடையது என்பது மட்டும் இல்லை.

"அவரோடதுதான்," என்றான் தைரியமாக.

வலதுபக்கத் தலை ஒன்றைக் கழற்றி இடதுபக்கம் மாட்டினார்கள். வலதுபக்கத்துக்கென்று செய்த தலை அது. முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்துத் தலையின் காதைக் கடித்தது. பாரம் கூடியதில் ராஜா இடதுபக்கமாகச் சாய்ந்தார்.

"தலை வலிக்குதுப்பா," என்றார்.

"எந்தத் தலைண்ணே?"

"என் தலைடா!"

குடிசைக்குள்ளிருந்து கதாநாயகி எட்டிப் பார்த்தாள். "சார், எனக்கு ஒரு சின்ன சந்தேகம்..."

"இரும்மா, இங்க தலைக்கு மேல வேலை இருக்கு," என்றார் டைரக்டர்.

சாய்மானம் தீர வலது தோளில் ஒரு மணல் பையைக் கட்டினார்கள். ராஜா நிமிர்ந்தார். ஆனால் மானிட்டரில் பார்த்தால் அரக்கர் ராஜா கடைக்குப் போய்விட்டு வருவது போல் இருந்தது. பையை மறைக்க, உபரியாகக் கிடந்த ஒரு தலையை அதன்மேல் கவிழ்த்தான் ஞாபகம்.

டைரக்டர் விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு! மூக்கு முளைச்சது போதாதுன்னு தலையும் முளைக்குதா? ஒண்ணைக் கழட்டு!"

பதற்றத்தில் சாமான்காரர் ஒன்று, ஞாபகம் ஒன்று என்று ஆளுக்கொன்றைக் கழற்றினார்கள். ஒன்பது. அதற்குள் தர்பார் காட்சியின் படத்தை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். அது கேமராவின் இடது. அதாவது ராஜாவின் வலது. காலையில் தலை எங்கே இருந்ததோ அதுதான் சரி.

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தாலே போதும்," என்றார் சாமான்காரர்.

இழுத்த இழுப்பில், தலைகளை மாட்டியிருந்த சட்டம் ஆட்டம் கண்டிருந்தது. எல்லாத் தலைகளையும் பழையபடி மாட்டி, மேலேயிருந்து மெல்லிய கம்பியால் தாங்கிப் பிடிக்கலாம் என்றான் ஞாபகம். பரண்மேல் லைட்மேன் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். ராஜா எழுந்து கம்பீரமாக ஓரடி வைத்தார். தலைகளின் தூசி பரணுக்குப் பறந்தது. லைட்மேன் தும்மினார்.

சட்டத்தோடு ஒன்பது தலைகளும் விர்ரென்று பரணுக்குப் போய்விட்டன. கீழே ராஜா ஒற்றைத் தலையோடு நின்றார். "அப்பாடா," என்று கழுத்தைத் தடவிக்கொண்டார்.

டைரக்டர் கொதித்துப்போனார். "ஒத்தைத் தலையோட நின்னா எவன்யா உன்னை அரக்கர் ராஜான்னு நம்புவான்? ஞாபகம்! மூட்டையைக் கட்டு!"

"சார், சார், ஒரே ஒரு சான்ஸ் சார்!" ஞாபகத்தின் கண் கலங்கிவிட்டது. வாளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவன் கண்முன் வந்து நின்றன. "இந்தத் தடவை தப்பு வந்தா நானே போயிடறேன் சார்!"

"சார், அந்தச் சந்தேகம்..." என்றாள் கதாநாயகி.

"அம்மா தாயே, உனக்கு வசனமே நாலு வரிதான். அதுல என்னம்மா சந்தேகம்?"

ஞாபகம் தானே பரண்மேல் ஏறினான். கம்பியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். தும்மல் வந்தால் செத்தாலும் தும்முவதில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். எல்லாம் ஒரு மூக்கால் வந்த வினைதானே. சாமான்காரர் ஒவ்வொரு தலையையும் இறுக்கி, துடைத்து, முறைக்க வேண்டிய பக்கம் முறைக்க வைத்தார். வலதில் அஞ்சு, இடதில் நாலு. படத்தோடு ஒப்பிட்டார்கள், ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அழிந்துபோன கோட்டை ஆர்ட் அசிஸ்டெண்ட் மறுபடி போட்டார்.

ராஜா நடந்து வந்தார். பத்துத் தலைகளும் ஒரே கம்பீரமாக அசைந்தன. செட்டே வாயைப் பிளந்தது. பரண்மேலிருந்த ஞாபகத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி வாளிக் கடைப் பக்கமே போகவேண்டியதில்லை.

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுதான்யா ராஜா! சபாஷ்டா ஞாபகம்! இப்பச் சொல்றேன், இந்தக் காட்சியில யாராச்சும் ஒரே ஒரு தப்பு கண்டுபிடிங்க பார்ப்போம். கண்டுபிடிச்சா நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்!"

கதாநாயகி குடிசையிலிருந்து வெளியே வந்தாள். கையில் பிச்சை போடுவதற்கான கிண்ணம். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, எதிரே நின்ற பத்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சார், இவர் இன்னிக்கு சந்நியாசி வேஷத்துல வந்து என்னை ஏமாத்தணும். பத்துத் தலையோட வந்து பிச்சை கேட்டா, நான் எதுக்கு சார் கோட்டைத் தாண்டி வரப்போறேன்?"