அம்மா வழி வயிறு

"சட்டைப்பையில என்னப்பா?" என்று மகள் கேட்ட பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறைத்தது. ஒரு பாக்கெட் கோதுமை பிஸ்கட். எதிரே வாசலில் ஆளுயரப் பலகை: உணவு ஒவ்வாமைக் கண்காட்சி. கோதுமைப் பண்டம் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

"ஒண்ணுமில்லம்மா. நீ போய் டோக்கன் வாங்கு."

மகளுக்கு ஆறு வயதிலிருந்தே கோதுமை ஆகாது. துளி பட்டாலும் இரண்டு நாள் படுக்கைதான். அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தவள் அவள் அம்மா. அந்த அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. எந்த மாவு, எந்தக் கடை என்று இவருக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

பிஸ்கட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் ஒன்பதையும் அவசரமாக மென்று விழுங்கினார். ஒன்பதாவது தொண்டையில் நின்றுகொண்டது.

இருமல் கேட்டு, பேட்ஜ் குத்திய பெண் ஓடிவந்தாள். "சார், ஏதாவது தெரியாம சாப்பிட்டுட்டீங்களா?"

"தெரியாமத்தான்..."

"உங்களுக்கும் கோதுமை ஆகாதா?"

இருமிய வேகத்தில் தலை மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான், சக்கர நாற்காலி வந்துவிட்டது.

"நகருங்க, நகருங்க, பேஷண்ட்!"

"நான் நடந்தே வர்றேம்மா."

"பேசாதீங்க சார், மூச்சு வாங்கும்."

வழியெல்லாம் கடைக்காரர்கள் மடியில் நோட்டீஸ் போட்டார்கள். ஒருவர் ஆறுதலாகச் சோளமாவுப் பொட்டலமும் வைத்தார்.

மருத்துவ அரங்கில் வயதான நர்ஸ் பேனாவைத் திறந்தாள். "சாப்பிட்டதும் வயிறு உப்புமா?"

பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை. "உப்பும். குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்யறதால வர்ற வாயுன்னு விட்டுட்டேன்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலருந்தே."

"வீட்டுல வேற யாருக்காவது?"

"பொண்ணுக்கு. ஆனா அது அவ அம்மா வழி."

இதை மட்டும் யோசிக்காமல் சொன்னார். பதினான்கு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். குழந்தை வலியில் சுருண்டு படுக்கும்போதெல்லாம், "எல்லாம் உங்க வீட்டு வயிறு!" என்று மனைவி மேல் எரிந்து விழுவார். அவளோ, கழுவின பாத்திரத்தையே எடுத்து இன்னொரு தடவை கழுவுவாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றுகூட ஒருமுறை சொல்லித் தொலைத்தார். 

"அப்பா! என்னாச்சுப்பா?" மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "நீயா கண்ணு? எங்க கிளினிக் பக்கமே காணோமே. அம்மா வரலியா?"

"அம்மா இல்ல சிஸ்டர். எட்டு மாசமாச்சு."

நர்ஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"இவர்தான் அப்பாவா? அப்போ இனிமே சொல்லலாம் சார். பரம்பரை டெஸ்ட்டை இவ அம்மா அப்பவே எடுத்துட்டாங்க, அவங்க வழியில ஒண்ணுமே இல்ல. 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், தன்னாலதான்னு தெரிஞ்சா அவரால பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது'ன்னுட்டாங்க."