கொறச்சுச் சொல்லு அண்ணாச்சி

ராஜபாளையத்தில் விலை சொல்லிப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. விலை கேட்டே ஊரைக் கலங்கடித்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர்தான்.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதை வாங்கப் போனாலும் “கொறச்சுச் சொல்லு” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதுவே பெயராகவும் நின்றுவிட்டது. அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் காய்கறிக்காரி முன்கூட்டியே விலையை ஏற்றி வைத்துக்கொள்வாள்.

ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடமே ஆரம்பித்துவிட்டார்.

“உக்காந்து வாரவனுக்கும் நின்னுக்கிட்டு வாரவனுக்கும் ஒரே சார்ஜா? கொறச்சுச் சொல்லு.”

“பின்னாடியே ஓடி வாங்க அண்ணாச்சி. அதுக்குச் சார்ஜே கிடையாது” என்றார் கண்டக்டர்.

பெருமாளையும் அவர் விடவில்லை. மகனுக்கு வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ந்திருந்தார். வேலை கிடைத்தது. மலையேறிப் போனவர் மூன்று கத்தரி முடியைப் பூமுடியாக மட்டும் கொடுத்துவிட்டு, சீவின தலையோடு இறங்கி வந்தார். “கிடைச்சது காண்ட்ராக்ட் வேலைதான? பெர்மனென்ட் ஆகட்டும், மிச்சத்தக் குடுக்கேன்” என்றார்.

நான் பேரம் பேசுகிறவள் இல்லை. நைட்டி தைத்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவள். ஒருத்தன் உழைப்புக்கு விலை சொன்னால் கொடுத்து வாங்குவேன், கட்டுப்படியாகாவிட்டால் பேசாமல் நடையைக் கட்டுவேன். அண்ணாச்சிக்கு இது பொறுக்காது. “ஒன்னாலதான் தங்கச்சி தெருவுக்கே விலைவாசி ஏறுது” என்பார்.

அவரும் வாயைத் திறக்காத இடம் ஒன்று உண்டு. சாவுக்கு வாங்கும் மாலை, கோடித்துணி, பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கு ஆசையாய் வாங்கும் பண்டம், இவற்றுக்குப் பேரம் பேசுவது எங்கள் பக்கம் ஆகாது. போகிற உயிரின் மேல் கஞ்சத்தனம் காட்டக்கூடாது என்பார்கள். அண்ணாச்சி இதில் ரொம்பக் கண்டிப்பு.

போன வருடம் எனக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நான் முடியாது என்றேன். காரணம், பிள்ளைகள் ஆப்பிளும் மாதுளையுமாக வாங்கிக் குவித்தார்கள். விலை கேட்டால், “அதெல்லாம் எதுக்கும்மா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. போகிறதுதான் போகிறோம், வயிற்றைக் கிழித்துக்கொள்ளாமல் வீட்டில் போய்ப் படுத்துவிடுவோம் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அண்ணாச்சி ஓர் இளநீரோடு வந்தார்.

“எம்புட்டு அண்ணாச்சி?” என்றேன்.

“வாசல்ல ஒருத்தன் அம்பதுங்கான். ஏலே, இது இளநீயா, இல்ல தண்ணி காட்டின தேங்காயான்னேன். பத்தடி நடந்தேன். கூப்பிட்டான். திரும்பல. பொறவு அவனே ஓடி வந்து முப்பத்தஞ்சுக்குக் குடுத்தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சியே பேரம் பேசியிருக்கிறார் என்றால் நான் போகிற ஆள் இல்லை. இளநீரைக் குடித்துவிட்டு நர்சைக் கூப்பிட்டு, “டாக்டரம்மாட்ட சரின்னு சொல்லு தாயி” என்றேன்.

பிழைத்து எழுந்து, டாக்டரிடம் காட்டிவிட்டு வரப் போன ஒருநாள், ஆஸ்பத்திரி வாசல் இளநீர்க்காரனிடம் முப்பத்தஞ்சுக்குத் தாப்பா என்றேன். இது பேரம் இல்லை, அண்ணாச்சிக்குக் கொடுத்த விலைதானே என்று நினைத்தேன்.

“அந்த வெலைக்கு யாருக்கும் குடுத்ததில்ல ஆச்சி.”

“பச்சைத் துண்டு போட்ட அண்ணாச்சிக்குக் குடுத்தியே.”

“அவியளா? வெலையே கேக்கலியே. நூறு ரூவாத் தாளை நீட்டிட்டு, மீதி கூட வாங்காமப் போயிட்டாக. உள்ள யாருக்கோ ரொம்ப முடியலன்னு கண்ணத் தொடச்சாக.”

அண்ணாச்சியிடம் இதை நான் சொல்லவில்லை.

இந்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்கிறார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். நேற்றுப் பார்க்கப் போனேன். வாசலில் இளநீருக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். உள்ளே போய், “அம்பத்தஞ்சு சொன்னான் அண்ணாச்சி. சண்ட போட்டு நாப்பதுக்கு வாங்குனேன்” என்றேன்.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

“ஏமாந்துட்டியே தங்கச்சி. எனக்கு முப்பத்தஞ்சுக்குத் தந்தாம்லா.”

“ஆமா அண்ணாச்சி” என்றேன். “எனக்கு ஒங்க அளவுக்குப் பேசத் தெரியல.”