வலது பக்கத்திலிருந்து திறந்த பாட்டுப் புத்தகம்

பதுளை கடைவீதி,
1925 ஒக்டோபர் 8, வியாழன்.

மரியாதைக்குரிய மச்சான் இத்ரூஸ் ஹாஜியார் அவர்களுக்கு, ஜௌபர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. கொழும்பில் நீங்களும் உங்கள் முழங்கால்களும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

அந்தப் பாட்டுப் பெட்டியை இன்னுமா விற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். விற்க மாட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். ஹல்துமுல்லையில், சீமைக்குத் திரும்பிய துரையின் சாமான் ஏலத்தில் நான் கேட்டது கண்ணாடி அலமாரி. கிராமபோன் அதற்குள் இருந்ததால் கூடவே வந்துவிட்டது. அதோடு ஒரு தடித்த அட்டைப் புத்தகம், அதன் உறைகளில் ஐந்து இசைத்தட்டு. ஐந்தும் சேர்ந்து ஒரே பாட்டாம். நூறு பேர் பிடிலும் குழலும் வாசிக்கிறார்கள், பாடுகிறவன் ஒருவனும் இல்லை. நான் பிஸ்மி சொல்லி, குர்ஆனைத் திறக்கும் நம் வழக்கப்படி புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து திறந்து, கைக்கு வந்த தட்டை வைத்தேன். துணிக்கடை இழவு வீடாகிவிட்டது. பெரிய பிடில்கள் அடித்தொண்டையில் விம்மி விம்மி, மூச்சு நின்றுபோவது போல அடங்கின. சேலை பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து இராக்கம்மா, "யாருங்க மொதலாளி செத்தது?" என்று கேட்டு மூக்கைச் சிந்தினாள். சேலையை அப்படியே வைத்துவிட்டுப் போயும் விட்டாள். இனி இந்தச் சனியனே வேண்டாமென்று பெட்டியை மூடப் போனேன். அப்போதுதான் கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "வாப்பா, அடுத்த தட்டு ஈக்குதா?"

கேட்டது என் மகள் ஜெனீரா. காய்ச்சலில் மாப்பிள்ளையைப் பறிகொடுத்து, இத்தாத் துக்கக் காலம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். வைக்காமல் இருப்பேனா? அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்து தட்டும் ஓடுகிறது. அழுகை முடிந்தால் ஒரு பட்டாளம் கொட்டு முழக்கத்தோடு போகும், அது போனதும் ஐந்து அடி எண்ணி நடக்கும் ஒரு நொண்டி ஆட்டம், பிறகு புயல், எல்லாம் ஓய்ந்தபின் கடைசித் தட்டு இருட்டில் முனகித் தொடங்கி, மெல்ல மேலேறி, இனிமையான ஒரு மெட்டில் வந்து நிற்கும். அழுது தொடங்கி ஆறி முடிகிற பாட்டு, மச்சான்! கேட்டுக் கேட்டு என் பிள்ளை சாப்பிட ஆரம்பித்தாள். இப்போது கடைக்கு ரவிக்கை தைக்கிறாள். நொண்டி ஆட்டம் ஓடும்போது தைத்த கைகள் மட்டும் கோணல்.

திங்கட்கிழமை சிவஞானம் வந்தார், அந்தத் துரையிடம் எழுத்து வேலை பார்த்தவர். சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்னங்க மொதலாளி, கடைசியிலேருந்து வைக்கிறீங்க! ஒங்க மொதத் தட்டுதாங்க இதுக்கு முடிவு. அதக் கேட்டு முடிச்சா தொரை அன்னிக்குப் பூரா யார்கிட்டயும் பேச மாட்டாரு." தட்டின் நடுவே இலக்கம் இருக்கிறதாம், என் மூக்குக்கண்ணாடிக்கு எட்டாத பொடி எழுத்தில். ஆக, இதைக் கட்டியவன் ஆட்டத்தையும் பட்டாளத்தையும் முன்னால் காட்டிவிட்டு, ஆளை அழுகையில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். இது தெரிந்தால் ஜெனீரா மறுபடி மூலையில் உட்கார்ந்துவிடுவாளே! சிவஞானத்திடம் சத்தியம் வாங்கி, ஒரு சால்வையும் கொடுத்து அனுப்பினேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. மறைப்பது பாவம், சொல்லவோ பயமாக இருக்கிறது. நீங்கள் மார்க்கம் ஓதியவர், ஒரு வழி எழுதுங்கள்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தும் என் வீட்டில் நிம்மதியும் தரட்டும்.

இப்படிக்கு,
ஜௌபர்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி ஜெனீராவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்தாள். "இலக்கத்த நான் ரெண்டாம் நாளே பாத்துட்டன், வாப்பா. நீங்க ஜும்மாவுக்குப் போற நேரத்துலெல்லாம் சரியான மாதிரி வெச்சு, அழுது முடிச்சிருவன். மத்த நேரத்துக்கு உங்கட மாதிரி. அப்படிக் கேட்டாத்தானே உங்கட மொகம் தெளியுது" என்றாள்.

ஆகவே வழி எதுவும் எழுத வேண்டாம், மச்சான். நாளை வெள்ளிக்கிழமை. முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, ஜும்மா முடிந்து அஸர் தொழுகை வரைக்கும் பள்ளியிலேயே இருந்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.