லினக்ஸ் போட்ட மருமகள்

கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தெரியாது என்றால் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நான் தெரியும் என்றேன்.

செல்போனில் பொத்தான்கள் இருந்த காலம் அது. திருப்பூரில் என் மாமனாருக்குப் பனியன் கம்பெனி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. எம்.சி.ஏ. படித்த நான், "லினக்ஸ் போட்டா வைரஸே வராதுங்க மாமா" என்று அறிவித்தேன். (கல்லூரி லேபில் பக்கத்து சீட்டுப் பெண் டைப் செய்ய, நான் பார்த்த லினக்ஸ்.)

மறுநாள் காலை, இருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். கம்பெனித் தகவல்கள் சிடியில் பத்திரமாக இருந்தன. டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவினால் அவற்றை உள்ளே ஏற்றிவிடலாம். அன்று மாலை ஜெர்மனிக்குப் போகும் சரக்கு லாரியில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. அதற்குள் எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை என்று பேக்கிங் லிஸ்ட் எடுத்தாக வேண்டும். அரை மணி நேர வேலை என்றேன்.

டேட்டாபேஸோ, இன்னொரு ஃபைல் வந்தால்தான் வருவேன் என்றது. அந்த ஃபைல் வேறொரு ஃபைலைக் கேட்டது. பெரியப்பாவைக் கூப்பிடாத கல்யாணத்துக்கு வர மாட்டோம் என்று முறைத்துக்கொள்ளும் பங்காளிகளேதான். டயல்-அப் இணைப்பில் ஒவ்வொருவராக இறக்கி, மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரையும் உட்கார வைத்தேன். ஓட விட்டேன். ஓடவில்லை.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன கண்ணு சொல்லுது?"

"நான் ரூட்ங்கற பேர்ல உள்ள வந்திருக்கறனுங்க மாமா. முதலாளி மாதிரி. முதலாளி ஓட்டக் கூடாதாமாங்க. தனியா ஒரு ஆளைப் போடோணுமாங்க."

"ஆளு கெடைச்சா உடனே போட்டுரு கண்ணு. திருப்பூர்ல ஆளு கெடைக்கறதே பெரும்பாடு."

புதுப் பெயரில் ஓர் ஆளை உருவாக்கி ஓட்டினேன். பர்மிஷன் டினைடு.

மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ற கம்பெனில, என்ற பொட்டிக்குள்ள, நாம போட்ட ஆளுக்குப் பர்மிசன் இல்லைன்னு சொல்றது ஆரு?"

எனக்கும் ரோஷம் வந்தது. டேட்டாபேஸ் தன் தகவல்களை வைத்துக்கொள்ளும் ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று மாற்றினேன். கண்டவரும் வந்துபோகும் இடத்தில் நான் ஓட மாட்டேன் என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு டேட்டாபேஸ் நின்றுவிட்டது. அனுமதி இல்லை என்றதும் அதுதான், கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்பதும் அதுதான்! நான் குத்திய குத்தில் என்டர் பொத்தான் கழன்று மாமாவின் மடியில் விழுந்தது.

"லாரி வந்துருச்சுங்க" என்றார் வாட்ச்மேன்.

மாமா திட்டியிருந்தால் தேவலை. "பரவால்ல கண்ணு, பொட்டியெல்லாம் பிரிச்சு எண்ணிப் போடலாம்" என்றார்.

தையல் ஆட்களுக்கு அடுத்த ஆர்டர் அவசரம். ஆகவே அத்தை வந்தார், நாத்தனார் வந்தாள். என்னைப் பார்க்கக் குன்னத்தூரிலிருந்து பழப் பையோடு வந்திருந்த என் அப்பா அம்மாவும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மீடியம் பன்னெண்டுங்க..."

"இல்லீங்க சம்பந்தி, அது லார்ஜுங்க."

அம்மா என் காதருகே சீறினாள். "இதுக்குத்தான் உன்னைய எம்.சி.ஏ. படிக்க வெச்சமா?"

எண்ணி எழுதி, பெட்டிகளை ஒட்டி ஏற்றி முடித்து லாரியும் கிளம்பிவிட்டது. மதியத்திலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த, எங்கள் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிய கோயம்புத்தூர்க்காரர் அப்போதுதான் போனை எடுத்தார். "அந்த ஃபோல்டரை ஓட்டற ஆளு பேருக்கு மாத்தி, அவருக்கு மட்டும் பர்மிஷன் குடுங்க. அவ்வளவுதானுங்க." இரண்டே வரி. டேட்டாபேஸ் சமர்த்தாக ஓடியது. பிரிண்டரிலிருந்து பேக்கிங் லிஸ்ட் அழகாக இறங்கியபோது லாரி பல்லடம் தாண்டியிருக்கும்.

சில வாரங்கள் கழித்து ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சரக்கு எல்லாம் சரி, ஒரு பெட்டியில் மட்டும் டி-ஷர்ட்டுகளுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது, அது எந்த சைஸ் கணக்கில் வரும் என்று கேட்டிருந்தார்கள். அத்தை அதுவரை அதை ஃப்ரிட்ஜுக்குள்கூடத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போதும் வீட்டில் சாவியோ ரிமோட்டோ காணாமல் போனால் மாமா எழுந்துகூடப் பார்ப்பதில்லை. என் மகளைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "ஜெர்மனிக்குப் போயிருக்கும் கண்ணு. உங்கம்மாதான் அனுப்பியிருப்பா."