முகத்துக்கு அத்திவாரம்

உலகத்துத் துறைமுகங்களில் எல்லாம் மனிதர்கள் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். திருகோணமலையில் கப்பல்கள் ஒரு மனிதருக்காகக் காத்திருந்தன. அவர் மாலுமியும் அல்லர், சுங்க அதிகாரியும் அல்லர். துறைமுகக் களஞ்சியத்தில் பெயின்ற் கலக்குபவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயர் 'காயட்டும்'. நேரில் கூப்பிடும்போது மட்டும், முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல, 'நானா'.

எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

"நானா, படகு அடிச்சு முடிஞ்சுதோ?"

"காயட்டும்."

"தேத்தண்ணி குடிப்பமோ?"

"காயட்டும்."

ஒருமுறை தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் சுற்றுநிருபத்தில் சொன்னபடி வரிசையாக வெளியே ஓடினோம். காயட்டும் மட்டும் பெயின்ற் பூசிய ஒரு தகட்டை உற்றுப் பார்த்தபடி உள்ளே இருந்தார். "நெருப்பு, நானா, நெருப்பு!" என்று வாசலில் நின்று கத்தினார்கள். "நல்லம், சுறுக்காக் காயும்" என்றார்.

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்த காலம். காயட்டும் கிண்ணியாவிலிருந்து தினமும் தோணித்துறை கடந்து வருவார். கப்பலின் பக்கத்தில் ஒரு பாயளவு உராய்ந்துவிட்டால் முழுக் கப்பலுக்கும் பெயின்ற் அடிக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். உராய்ந்த இடத்துக்கு மட்டும் பூச வேண்டும். ஆனால் வெயிலிலும் உப்பிலும் வெளுத்த பழைய நிறத்துக்குப் பக்கத்தில் புதுப் பெயின்ற் அடித்தால், கிழிந்த சட்டையில் ஒட்டுப்போட்டதுபோல அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும். காயட்டும் அடித்தால் தெரியாது. உராய்வு எங்கே இருந்தது என்று அடித்தவரே மறுநாள் தேட வேண்டியிருக்கும்.

அதற்காக அவர் உள்ளங்கை அளவுத் தகடுகளில் நிறம் பூசிப் பூசி ஓர் அலுமாரி நிறைய வைத்திருந்தார். சாம்பலில் மட்டும் நாற்பது வகை. ஒவ்வொரு தகட்டிலும் களஞ்சிய அட்டைத் துண்டு ஒன்று கட்டித் தொங்கும். அதில் திகதி, பொருள், அளவு, நிலை, பூச்சு என்று ஐந்து நிரல்கள். முத்துமுத்தான எழுத்தில் ஐந்தையும் நிரப்பாமல் அவர் ஒரு தகட்டையும் உள்ளே வைத்ததில்லை. அந்த ஒரு விடயத்தில் அவரும் நானும் ஒரே சாதி.

எங்கள் தலைமை எழுத்தரான பிரதம இலிகிதர் தன் அறைக்குப் பச்சை அடிக்கச் சொன்ன கதை துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். "எத்தின மணிப் பச்சை ஐயா?" என்று காயட்டும் கேட்டார். காலைப் பச்சை பின்னேரம் நீலமாகத் தெரியுமாம். பிறகு அந்த அறையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை சுவரைப் பார்த்தபடி நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் பிரதம இலிகிதர் தானே எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

இப்படியான சம்பவம் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் விளக்கம் கோரிக் கடிதம் வரும். அதைத் தூக்கிக்கொண்டு அவர் பதிவேட்டு அறைக்கு, என்னிடம் வருவார். நான் அங்கே ஒன்பது வருடமாக இலிகிதர். தாபன விதிக்கோவையில் எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுவேன். 'காற்றிலுள்ள ஈரப்பதன் காரணமாக' என்று தொடங்கும் என் விளக்கக் கடிதம் ஒன்றே அவரை ஏழு தடவை காப்பாற்றியிருக்கிறது. சோளகம் வீசும் வறண்ட ஆடி மாதத்தில்கூட.

ஒன்பது வருடம் நான் பதிவேட்டு அறையில் இருந்ததற்குக் காரணம் என் திறமை அல்ல, என் இடது கன்னம். ஆறு வயதில் கொதியெண்ணெய் தெறித்ததில், கன்னத்திலிருந்து தாடைவரை ஒரு வெற்றிலை அளவுக்குக் கறுத்த தழும்பு. கப்பல் முகவர்கள் வந்துபோகும் முன்மேசைக்கு நான் இரண்டு தடவை விண்ணப்பித்தேன். இரண்டு தடவையும் பிரதம இலிகிதர் என்னைக் கூப்பிட்டு, மிகுந்த அன்போடு, "பிள்ளை, உமக்கு எல்லா விதியும் தெரியும். ஆனா முன்மேசைக்கு ஒரு முகலட்சணம் வேணுமெல்லோ" என்றார். விதிக்கோவையில் முகலட்சணத்துக்குப் பிரிவு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது தடவை நேர்முகத்துக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வருவதாகவும், பிரதம இலிகிதர் மூன்றாமவராக இருப்பதாகவும் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நான்காவது தடவை விண்ணப்பிக்க வயதெல்லை இடம் கொடுக்காது. அதற்கு மட்டும் பிரிவு இருந்தது.

அதுவரை பவுடரைத் தவிர வேறொன்றும் முகத்தில் பூசி அறியாத நான், சனிக்கிழமை டொக்யார்ட் வீதிக் கடை ஒன்றுக்குப் போய், "பவுண்டேசன் இருக்கோ?" என்று கேட்டேன். வெள்ளைக்காரத் துரைசானிமாரை நம்பி எடுத்த சரக்கு, அவர்கள் கப்பலேறிய பிறகு அங்கே மிஞ்சிக் கிடந்தது. கடைக்காரர் ஒரு போத்தலைத் திறந்து, ரியூப் லைற்றின் கீழே என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்தார்.

"பாருங்கோ மிஸ், ரோசாப்பூ மாதிரி! இதப் பூசினா நீங்கள் மூண்டு மடங்கு வெள்ளை."

மூன்று மடங்கு வெள்ளையாகி நான் என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஒத்திகைபோல அதை முகம் முழுக்கப் பூசிக்கொண்டு அலுவலகம் போனேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தபின் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்தது.

பத்து மணிக்கு, விளக்கம் கோரிய ஒரு புதிய கடிதத்தோடு காயட்டும் வந்தார். கடிதத்தை நீட்டியவர், நீட்டிய கை நீட்டியபடி நின்றார். என் கன்னத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மிஸ்," என்றார் மெதுவாக, "இது என்ட அலுமாரியில இல்லாத சாம்பல்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலில் கேலி இல்லை. நாற்பத்தோராவது சாம்பலைக் கண்டுபிடித்த ஒருவரின் மரியாதைதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நேர்முகம், முகலட்சணம், வயதெல்லை எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ன சாமான் இது?"

"பவுண்டேசன், நானா."

"அத்திவாரமா? மூஞ்சிக்கா?" போத்தலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். "அத்திவாரமெண்டா ஒழுங்காப் போடணும் மிஸ். கையில பாத்தா வாங்கினீங்க? கை வேற, மூஞ்சி வேற. கை கண்ட வெயில மூஞ்சி காணேல்ல. ரியூப் லைற்றில கப்பலையே வெள்ளையாக் காட்டலாம். கடையில வேற என்ன என்ன நிறம் இருந்திச்சு?"

"கேக்கேல்ல."

"கேக்காம வாங்கினீங்களா! நீங்களா?"

ஒன்பது வருடத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்று பின்னேரமே மற்ற நிறங்களைப் பார்க்க இருவரும் கடைக்குப் போனோம். திறந்த போத்தல்களை இரவல் தரக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. எனவே நான் தற்காலிக வழங்கற் பற்றுச்சீட்டு ஒன்றை மூன்று பிரதிகளில் தயாரித்தேன். படிவத்தைக் கண்ட கடைக்காரர் பயந்துபோய் மூன்றிலும் கையெழுத்து வைத்துவிட்டு, போத்தல் இரண்டைக் கொடுத்தார். காயட்டும் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்து, பின்தட்டில் தூசி படிந்து கிடந்த மூன்றாவதையும் எடுத்தார்.

"அது கறுப்பு நானா. துரைசானிமார் ஒருத்தரும் தொடேல்ல."

"மிஸ் துரைசானி இல்லயே" என்றார் காயட்டும்.

வியாழக்கிழமை காலை களஞ்சிய முற்றத்தில் சோதனை. அங்கேதான் தவறு நடந்தது. வாசலில் நின்ற தொழிலாளர்களை விலக்குவதற்காகக் காயட்டும் தன் முழுக் குரலில், "தள்ளுங்க, தள்ளுங்க! மிஸ் அத்திவாரம் போடுறதுக்குக் கலர் பாக்கணும்!" என்றார்.

அரை மணித்தியாலத்தில் துறைமுகம் முழுக்க நான் வீடு கட்டப் போகிற கதை பரவிவிட்டது. லொறிச் சாரதி ஆற்று மணல் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். தட்டெழுத்தாளர், வாசல் கிழக்குப் பார்த்து இருக்கட்டும் என்றார். பிரதம இலிகிதர் யன்னலால் தலையை நீட்டினார்.

"பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் அத்திவாரமோ! காணி எங்க?"

மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். "கப்பல்துறைப் பக்கம், ஐயா" என்று வாயில் வந்த கிராமத்தைச் சொன்னேன்.

"நல்ல இடம். கிணறு வெட்டினீரோ?"

"இனித்தான் ஐயா."

மத்தியானத்துக்குள் அந்த வீட்டுக்கு இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை கட்டி முடிந்திருந்தது. எனக்கு இன்றுவரை கப்பல்துறையில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது.

இந்த ஆரவாரத்தில் காயட்டும் அசையவில்லை. என்னை வேப்பமர நிழலில் வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவைத்தார். தான் ஒன்பது அடி தள்ளி நின்றார். கிட்ட வரவும் இல்லை, தொடவும் இல்லை. கப்பலைத் துறைக்குள் எடுப்பதுபோலக் கையால் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல பக்கத்துத் தாடையில மூண்டு கோடு போடுங்க. இன்னும் கீழ. கழுத்தும் தெரியணும். நிப்பாட்டுங்க. சரி."

"எது பொருந்துது நானா?"

நான் கேட்டிருக்கக் கூடாது.

"காயட்டும்."

இருபது நிமிடம் நின்றேன். ஈரத்தில் அழகாக இருந்த முதல் கோடு காய்ந்ததும் சுண்ணாம்பாயிற்று. இரண்டாவது சிவந்துபோயிற்று. மூன்றாவது, அந்தத் தூசி படிந்த போத்தல்... காயட்டும் என் கைக்கண்ணாடியைக் காட்டி, "தேடுங்க" என்றார். தேடினேன். கோட்டைக் காணவில்லை. என் தாடைதான் இருந்தது.

"ஆனா நானா, தழும்பு?"

"கறுப்புக்கு மேல நேராப் பூசினா சாம்பல்தான் வரும். கப்பல்ல சாம்பலுக்குக் கீழ முதல் பூச்சு என்ன அடிக்கிறம்? செங்கல் நிறம். அதுக்கு மேலதான் மத்தது." அதற்குத் தட்டெழுத்தாளரின் உதட்டுச்சாயம் உதவியது. வீட்டுக்கு வர்ணம் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். விரல் நுனியால் ஒற்றி ஒற்றி, மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொரு பூச்சு.

"மூஞ்சி முழுக்கப் பூசாதீங்க மிஸ். தேவையான இடத்துக்கு மட்டும். மத்த இடத்தில நீங்கதானே இருக்கீங்க."

பிறகு அவர் தன் தகடுகளில் ஒன்றை எடுத்து ஏதோ கலக்கிக்கொண்டிருந்தார். அடுத்த படகுக்காக்கும் என்று நினைத்து நான் என் வேலைக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. கொழும்பு ஆட்கள் இருவரும் சரக்குப் பத்திரம், தாமதக் கட்டணம், நங்கூரமிடும் விதிகள் என்று கேட்டார்கள். நான் பக்க எண்ணோடு சொன்னேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர்களுடைய விதிக்கோவையைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிரதம இலிகிதர் மட்டும், எங்கேயோ வைத்த மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்போல, என் இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேள்வி கேட்கும் முறை அவருக்கு வந்தது.

"பிள்ளை... எல்லாம் சரிதான். அத்திவாரம் போட்டாச்சோ?"

"போட்டாச்சு, ஐயா."

"உறுதியோ?"

"காய்ஞ்சிட்டுது, ஐயா."

அடுத்த மாதம் முதலாம் திகதி முன்மேசைக்குப் போனேன். காசு கொடுத்து எனதாக்கிக்கொண்ட அந்தத் தூசி படிந்த போத்தல் ஏழெட்டு மாதம் வந்தது. இறக்குமதி நின்றுபோனதால் அடுத்த போத்தல் கிடைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை தழும்போடு போய் முன்மேசையில் உட்கார்ந்தேன். முதலில் வந்த கப்டன் என்னிடம் கேட்டது தண்ணீர் எப்போது ஏற்றலாம் என்பதைத்தான். முன்மேசையில் இருப்பவரை முகத்துக்காகத் திருப்பி அனுப்பும் பிரிவு எதுவும் விதிக்கோவையில் இல்லை. அங்கேயே பதினெட்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றேன்.

காயட்டும் எனக்கு முன்பே ஓய்வுபெற்றுக் கிண்ணியாவிலேயே தங்கிவிட்டார். அவர் போனபின் களஞ்சியத்தில் கழிக்க வேண்டிய பொருள்களைப் பட்டியலிடும் சபைக்கு என்னை நியமித்தார்கள். அவருடைய அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு தகடாக எடுத்தேன். நாற்பது சாம்பலுக்கும் அடியில் ஒரு தகடு, பால் விட்ட தேயிலைச் சாய நிறத்தில். ஓரத்தில் வெற்றிலை வடிவில் கொஞ்சம் கறுத்த நிறம். இரண்டும் சேரும் இடத்தில் கோடே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கப்பலும் அந்த நிறத்தில் இல்லை.

துண்டைத் திருப்பினேன். முத்துமுத்தான எழுத்தில் ஐந்து நிரலும் நிரப்பியிருந்தது.

திகதி: நேர்முகத்துக்கு முதல் நாள், அந்த வியாழக்கிழமை. பொருள்: மிஸ். அளவு: ஒன்று. நிலை: பழுது இல்லை. பூச்சு: தேவையில்லை.

தேவையில்லை என்று எழுதி வைத்த அன்றுதான், இருபது நிமிடம் மரநிழலில் நின்று எனக்குத் தேவையானதைத் தேடித் தந்திருக்கிறார். என் சேவைக்காலம் முழுவதிலும் நான் தெரிந்து செய்த முறைகேடு ஒன்றே ஒன்று. பட்டியலில் அந்தத் தகட்டுக்கு நேரே 'காணப்படவில்லை' என்று எழுதினேன். அது இப்போது என் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஓர் இடத்திலும் உரியவில்லை. நன்றாகக் காய்ந்திருக்கிறது, நானா.