சொல்தா வீட்டு ரயிலை நான் ஓட்டிக் காட்டிய விதம்

வில்லியனூர்,
ஜூலை 22.

அன்பு மருமகன் லூர்து பிரகாஷுக்கு, மாமன் தனிஸ்லாஸ் லூர்து மாதாவின் பேரால் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை அல்போன்சா சுகம், கரும்பும் சுகம். போர்வெல் மோட்டார் மட்டும் படுத்திருக்கிறது, அதற்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை. அங்கே இப்போது வெயில் காலம் என்று சொன்னாய். பிரான்சில் வெயில் என்பதை நான் நம்பவில்லை, நீயும் மரிய சுகந்தியும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம்.

போனில் நீ, "ரயில் ஓடிச்சா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லு மாமா" என்றாய். ஓடிச்சு. ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கிற மாதிரியான காரியம் எதையும் நான் இதுவரை செய்ததில்லை. ஆகவே கடிதம்.

நீ சொன்னபடி நெட்டப்பாக்கம் போனேன். சொல்தா கண்ணையனைத் தெரியாதவர் அந்தப் பக்கம் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடும் தொப்பியோடும் ஊர் திரும்பியவர். ஜெர்மனியில் முகாமில் இருந்தபோது வாங்கிய பொம்மை ரயிலாம் அது. வருஷா வருஷம் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பாண்டிச்சேரி போய் கொடிக்கு சல்யூட் அடித்துவிட்டு வந்து, தெருவையே கூடத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவாராம். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, ரயிலும் அதோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. அவர் சம்சாரம் தையலம்மாள் அக்கா இந்த மாதம் பதினாறாம் தேதி பாரிசில் மகளோடு இருக்கவே போவதாக இருந்தார், வீடும் கைமாறிவிட்டது. என் மருமகன் அந்த ரயிலுக்காகப் பிரான்சில் தூக்கம் இல்லாமல் கிடக்கிறான் என்று கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "பதினாலாம் தேதி என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டு, எடுத்துனு போ. ஓடலன்னா பழைய இரும்புக்காரன் வர்றான், அவன் மூட்டையில போவட்டும். ஓடாத ரயில வச்சினு உன் மருமவன் இன்னா பண்ணுவான், சாமி கும்புடுவானா" என்றார். ஆக, கையில் பன்னிரண்டு நாள். நம்பிக்கையின்பேரில் டிரங்கைக் கொடுத்தார், என் பைக் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

முதலில் நீ கேட்ட அடையாளங்கள். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டிருந்தாய். உன் அத்தையின் தையல் டேப்பால் அளந்தேன். முதல் இரண்டு இஞ்சு கிழிந்துபோன டேப் என்பதால் கழித்தல் போட வேண்டியிருந்தது, எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவனுக்கு அது பொருட்டில்லை. நாற்பத்தைந்து வந்தது. நாற்பத்தைந்து என்றால் தோட்டத்தில் ஓட்டுகிற பெரிய சைஸ் என்று நீ போனில் குதித்தாய். நான் குதிக்கவில்லை, எனக்குப் பார்த்தவுடனே தெரியும். என்ஜின் மட்டுமே மூன்று நாள் கன்றுக்குட்டி உயரம். போட்டோவில் பக்கத்திலிருக்கும் சோடா பாட்டில் அதைவிட உயரமாய்த் தெரிகிறதே என்றாய். இந்தப் பக்கத்து சோடா பாட்டிலை நீ மறந்துவிட்டாய். அடுத்து, வண்டியைக் கவிழ்த்து அடியில் இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொன்னாய். மேற்கு ஜெர்மனி என்று இருந்தது. தபாலாபீசில் விசாரித்தேன். அப்படி ஒரு தேசமே இப்போது இல்லையாம், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே கிழக்கோடு சேர்ந்துவிட்டதாம். தேசமே போய்ச் சேர்ந்த பிறகும் அதன் ரயில் நெட்டப்பாக்கத்தில் அந்துருண்டை வாசனையோடு இருக்கிறதென்றால், அது எப்பேர்ப்பட்ட அசல் சரக்கு என்று நீயே யோசித்துக்கொள். பெட்டி ஐந்து. ஒன்றையொன்று கோக்கிற கொக்கி நாலில் சரியாக இருக்கிறது, ஐந்தாவதுக்கு சேஃப்டி பின் போட்டிருக்கிறேன். ஜெர்மனிக்காரன் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

தண்டவாளத்தைக் காய்ந்த துணியால் மட்டும் துடை, தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று நாலு தடவை சொன்னாய். அப்படியே துடைத்திருப்பேன். துடைத்தபோது கறுப்பு போய் மஞ்சள் தெரிந்தது. "இது பித்தளைங்க" என்றாள் உன் அத்தை. பித்தளை என்று தெரிந்த பிறகு அல்போன்சாவைத் தடுக்க ரோமிலிருந்துதான் ஆள் வரவேண்டும். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவதற்குள், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கிணற்றடியில் அலசி, கொடியில் புடவை காயப்போடுகிற மாதிரி வரிசையாக வெயிலில் வைத்து, மறுபடி கறுக்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி முடித்திருந்தாள். குத்துவிளக்குக்கு செய்கிற மரியாதையெல்லாம் அதற்கும் செய்திருந்தாள். பார்க்கக் கண் கூசிற்று. கரண்டு கொடுத்தோம், என்ஜின் அசையவில்லை. எண்ணெயைத் தாண்டிக் கரண்டு போகாது என்று நீ போனில் கத்தினாய். அதை நீ ஐந்தாவது தடவையாக முன்னாடியே சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம், என்ஜின் ஒரு சாண் போய் நின்றது. அந்த ஒரு சாணை நான் வெற்றி என்றுதான் சொல்வேன்.

அப்புறம் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற முத்துக்குமரனைக் கூப்பிட்டேன். என்ஜினைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பத்து எச்.பி. மோட்டாருன்னா சொல்லு, கழட்டி மாட்டறேன். இது இன்னா, கொழந்தைக்கு குத்தற காது கம்மல் மாதிரி கீது" என்றான். இருந்தாலும் கையோடு கொண்டுவந்த கிரீசைப் பார்த்துப் பார்த்து ஒரு கைப்பிடி வைத்துவிட்டுத்தான் போனான். அவன் என் மோட்டாரைக் கட்டி மூன்று மாதமாகிறது, அது இன்னும் படுத்திருக்கிறது, அதைச் சொன்னேனே. புகைபோக்கியில் ஏதோ புகை எண்ணெய் நாலு சொட்டு விட்டால் நிஜ ரயில் போலப் புகை வரும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்த எண்ணெய்க்கு நான் எங்கே போவேன். கோயிலில் தூபம் போடுகிற சாம்பிராணி வீட்டில் இருந்தது. ஒரு துண்டு நெருப்பு, அதன்மேல் ஒரு சிட்டிகை. புகை வந்தது பார், அந்த மாதிரிப் புகையை ஜெர்மனியே கண்டிருக்காது. பக்கத்து வீட்டார் ஜெபம் சொல்ல வந்துவிட்டார்கள். புகைபோக்கி கொஞ்சம் இளகிப் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. வேகமாகப் போகிற ரயிலுக்கு எதிர்க்காற்றில் அப்படித்தான் சாயும், இப்போது நின்றிருந்தாலும் ஓடுகிற மாதிரித் தெரிகிறது.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் தண்டவாளம் போட்டேன். நீங்களெல்லாம் வட்டமாகப் போடுவீர்களாம். சுற்றிச் சுற்றி வந்தால் ஊர் எப்படிப் போய்ச் சேருவது. டிரங்கிலிருந்த நேர்த்துண்டுகளையெல்லாம் பொறுக்கி, கூடத்திலிருந்து சமையலறைக்குள் ஒரே நேராகப் போட்டேன். தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. சுவரில் சொல்தா தொப்பியோடு போட்டோவில் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக்காரன் சாக்கோடு வாசலில் நின்றிருந்தான். நான் கையைத் தூக்கினேன், ரயில் புறப்பட்டது. ஒரு முனகல் இல்லை, ஒரு பொறி இல்லை, ஐந்து பெட்டியும் பின்னாலேயே போயின. பிளக்கைக் குத்தவே மறந்துபோனேன் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன், தண்டவாளம் அவ்வளவு சுத்தம். நடுவில் ஒரு தரம் நின்றது, ஒரு தரம் எகிறியது. தையலம்மாள் அக்கா எழுந்து சமையலறைக்குள் நடந்தார். பிறகு வாசப்படி வந்ததும் ரயில் தானாகவே நிதானித்து, கர்ப்பிணிப் பெண் படியிறங்குகிற மாதிரி இறங்கிப் போயிற்று, அதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்ல மாட்டேன். அக்கா ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, இரும்புக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, "எடுத்துனு போடா" என்றார். நெட்டப்பாக்கத்தில் இப்போது என் பேரைச் சொன்னால் பஸ் நிற்கிறது.

ஆக மருமகனே, நீ ஆசைப்பட்ட ரயில் என் பரண்மேல் பத்திரமாய் இருக்கிறது. வாரம் ஒரு தடவை இறக்கித் துடைக்கிறேன். வரும்போது பெரிய பெட்டியாகக் கொண்டு வா. மரிய சுகந்திக்கு என் ஆசி, வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தனியாக ஆசி. மாதா உங்களைக் குளிரிலிருந்தும், அவசரப்பட்டுப் போனை வைக்கிற புத்தியிலிருந்தும் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு, உன் நன்மையே நினைக்கும் மாமன்,
தனிஸ்லாஸ்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சிறு திருத்தம். கவரை ஒட்ட அல்போன்சாவிடம் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, உள்ளதை எழுதினால்தான் பசை தருவேன் என்று நிற்கிறாள். என்ஜின் ஓடவில்லை. முத்துக்குமரன் கிரீஸ் வைத்ததிலிருந்தே அந்த ஒரு சாணும் இல்லை. கடலோரம் பனித்திட்டுக்கு ஆள் விட்டு, மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பு வாங்கி வந்து என்ஜின் மூக்கில் கட்டி, சமையலறையில் உட்கார்ந்து உன் அத்தைதான் இழுத்தாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பு, தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் உள்ளே வந்ததும் அல்போன்சா நரம்பும் கையுமாக எழுந்து நின்றாளாம். அவர் திட்டவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கொண்டா இங்க. கெணத்துல வாளி இழுக்கற மாதிரி இழுக்கறியே. வாசப்படி வந்தா அவுரு மெதுவா வுடுவாரு" என்று நரம்பை வாங்கித் தானே இழுத்தாராம். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் சொல்தா அந்த ரயிலைத் தொட அவரை விட்டதில்லையாம். ஆகவே என்னை எடுத்துப் போகச் சொன்னது பெட்டிகளையும் தண்டவாளத்தையும் மட்டும். என்ஜினைப் புடவையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பதினாறாம் தேதியே விமானம் ஏறிவிட்டார். அது இப்போது எனக்கு இருப்பதைவிட உனக்குத்தான் பக்கம். மகள் வீட்டு விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன், போய்ப் பார்த்து ஒரு காப்பி குடித்துவிட்டு வா. ரிப்பேர் செய்து தருகிறேன் என்று மட்டும் வாயைத் திறக்காதே. தங்கூஸையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.