தாய் ஈஸ்ட்டின் உடல்நிலை

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்பு, மினசோட்டாவில் பேராசிரியர் டெல்பர்ட் ஆஸ்குட்டின் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து ஒரு மரபணுவை நீக்கினார்கள். ஈஸ்ட் நோஞ்சானாக இருந்தது. ஆகவே, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் தயாராவதே அந்த மரபணுவின் தயவில்தான் என்று 'ஐயமற' நிறுவப்பட்டது. அடக்கமே உருவான பேராசிரியர் அதற்குத் தன் பெயரையே வைத்தார்.

அந்த மரபணுவைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் மாரடித்தவள் அவருடைய ஆய்வு மாணவி மேரன் டாலஃப்சன். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம். அந்த வாரம் பார்த்து அவளுக்குக் கெட்ட புத்தி வந்தது. மரபணு நீக்கப்படாத தாய் ஈஸ்ட்டையும் கிளிசராலில் போட்டுப் பார்த்தாள். மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக இருந்தால்தான் ஈஸ்ட் கிளிசராலைத் தின்று வளரும். தாயும் வளரவில்லை. உறைபெட்டியில் இருந்து வந்தபோதே அது நோயாளி. மரபணு பாவம், ஒரு பாவமும் அறியாதது. மேரன் பேராசிரியரிடம் ஓடினாள்.

"டெல்பர்ட், தாய் ஈஸ்ட்டே வளரல."

"அதை யாரு வளக்கச் சொன்னா?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

"நல்லா இருக்கறதை எதுக்கும்மா சோதிக்கணும்? உனக்கு ஜுரம்னா பக்கத்து வீட்டுக்காரனுக்கா ஊசி போடுவாங்க?"

"அது நல்லா இல்லைன்னுதானே சொல்றேன்."

அவசரக் கூட்டம் கூடியது. "இந்த ஜீன், இருந்தாலும் இல்லாத மாதிரியே வேலை செய்யுது. இது நம்ம ரெண்டாவது கண்டுபிடிப்பு" என்று அறிவித்தார் பேராசிரியர். டோனட் வழங்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை, வெளித்தேர்வாளர் வெண்டல் ஹாஃப்ஸ்ட்ராம் கண்ணாடியைக் கழற்றினார். கண்டிப்புக்குப் பேர்போனவர்.

"தாய் ஈஸ்ட் கிளிசரால்ல வளந்துதா?"

ஆஸ்குட் இருமினார். ஆமாம் என்றால் பட்டம். இல்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து. மேரன் ஆய்வேட்டை மூடி வைத்தாள்.

"இல்லைங்க. வளரல. ஆய்வேடு மொத்தமும் தப்பு."

ஹாஃப்ஸ்ட்ராம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தெரியும்மா. அது என் ஃபிரீசர்லேருந்து போன ஈஸ்ட்டுதான். என் பட்டமும் அதை வெச்சு வாங்கினதுதான். உன்னை ஃபெயில் பண்ணிட்டு நாங்கல்லாம் எங்க போறது?"

ஒருமனதாகத் தேர்ச்சி. ஆய்வுக்கூடத்தை விட்டுப் போகிறவர்களுக்கு ஈஸ்ட் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். ஆஸ்குட் அந்தத் தாய் ஈஸ்ட்டையே உலர்பனியில் வைத்து நீட்டினார்.

"உன் மாணவங்களுக்கு. கேள்வி கேக்கற பசங்களை மட்டும் சேத்துக்காதே."

"மாட்டேன்" என்று சொல்லி, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள் டாக்டர் மேரன்.